இடைவெளி வேறு, பிரிவு வேறு

“மூத்த மகன் எங்கே?” என்று கேட்டால், “கனடாவில்” என்கிறார் தாய். “மகள்?” “பிரான்சில்.” “உங்கள் தம்பி?” “பக்கத்து வளவில்தான். ஆனால் கதை பேச்சில்லை.”

யாழ்ப்பாணத்தில் எந்தப் பங்கிலும் கேட்கக்கூடிய மறுமொழிகள் இவை. இம்மூவருள் அந்தத் தாயைப் பிரிந்திருப்பவர் யார்? பத்தாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் மகனா? வேலிக்கு அப்பால் இருக்கும் தம்பியா?

இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வாரப் பாடம். இடைவெளி என்பது ஒன்று. பிரிவு என்பது வேறொன்று. முன்னையதை அளவுகோலால் அளக்கலாம். பின்னையதை மனச்சாட்சி ஒன்றே அளக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே, நம்பிக்கை கொள்ளவேண்டிய இடத்தில் சோர்ந்துபோகிறோம். மனம் வருந்தவேண்டிய இடத்தில் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

எங்கும் இருப்பவர்

பழைய ஞானோபதேச வகுப்பிலே சர்வேசுரனுடைய ஆறு இலட்சணங்களை மனனம் செய்தவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, அவர் எங்கும் வியாபித்திருக்கிறார் என்பது. இதைக் கேட்ட சிறுவர், காற்று எங்கும் பரந்திருப்பதுபோலக் கடவுளும் பரந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் காற்று பரந்திருக்கும்போது இங்கே ஒரு பகுதியும் அங்கே ஒரு பகுதியுமாகவே இருக்கிறது. கடவுளுக்குப் பகுதிகள் இல்லை. அவர் ஓரிடத்தில் பாதியாகவும் இன்னோரிடத்தில் மீதியாகவும் இருப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இருப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பவர் அவரே. ஆகையால் ஒவ்வொன்றின் உள்ளும் அவர் முழுமையாக இருக்கிறார் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்கினார்.

இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கிறது. நெடுந்தீவிலே செபிக்கும் தாயின் அருகில் இருக்கும் அதே கடவுள், ரொறன்ரோவிலே வேலைக்குப் போகும் மகனின் அருகிலும் இருக்கிறார். அவர்களுக்கு இடையிலுள்ள கடலும் கண்டமும் கூடக் கடவுளுக்கு வெளியே இல்லை. அவருக்குள் இருப்பவர்களைத் தூரம் ஒருவரிடமிருந்து ஒருவர் அறுத்துவிட முடியாது.

எமது மண்ணே இதற்கு நல்ல உவமை தருகிறது. வலிகாமத்திலே ஏறக்குறைய ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கிணறு உண்டு. என் கிணறு, உன் கிணறு என்று கட்டும் வேலியும் தனித்தனியே உண்டு. ஆனால் நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக நீர் ஓடுகிறது. அந்த நீருக்கு வேலி இல்லை. மழை நீர் ஒருவர் தோட்டத்தில் இறங்கினால் மற்றவர் கிணற்றிலும் ஊறுகிறது. நல்லது மட்டுமா? 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகக் கண்டபோது, அது ஒரு வளவோடு நிற்கவில்லை என்பதை நாம் அறிவோம். மேலே தனித்தனி, கீழே ஒன்று. இந்த உவமையை மனதில் வைத்துக்கொள்வோம், பின்னர் உதவும்.

வாசலில் கிடந்த இலாசர்

இடைவெளியும் பிரிவும் ஒன்றல்ல என்பதை எமது ஆண்டவர் தாமே ஓர் உவமையால் போதித்தார். லூக்காஸ் நற்செய்தி 16ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். செல்வன் ஒருவன் நாள்தோறும் விருந்துண்டு வாழ்ந்தான். இலாசர் என்ற ஏழை அவனுடைய வாசலிலேயே கிடந்தான். இருவருக்கும் இடையில் இருந்த தூரம் எவ்வளவு? ஒரு வாசற்படி. செல்வன் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அவனைக் கடந்தே போயிருக்க வேண்டும். ஆயினும் அவன் இலாசரைக் காணவில்லை. மறுமையிலே இருவருக்கும் நடுவே யாரும் கடக்க முடியாத பெரும் பிளவு இருந்ததாக ஆண்டவர் சொல்கிறார்.

அந்தப் பிளவை மறுமையில் யாரும் புதிதாகத் தோண்டவில்லை. இம்மையிலே, வாசற்படியளவு இடத்திலே, செல்வன் தன் கையாலேயே தோண்டியது அது.

இதற்கு மறுபக்கத்தை அர்ச். சின்னப்பர் காட்டுகிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகம் 8ஆம் அதிகாரத்தின் இறுதியிலே, கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க முடியாதவை எவை என்று ஒரு பட்டியல் இடுகிறார். சாவும் வாழ்வும் அதில் வருகின்றன. உயரமும் ஆழமும் கூட வருகின்றன. தூரத்தால் முடியாது, சாவாலும் முடியாது என்பது அவர் போதனை. அப்படியானால் பிரிக்கக்கூடியது எது? அன்பை மறுக்கும் எமது மனம் ஒன்றுதான்.

சில்லாலை சொல்லும் சாட்சி

இது வெறும் ஏட்டுப் படிப்பல்ல. எமது முன்னோர் இதை வாழ்ந்து காட்டினர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவருக்குப் புகலிடம் கொடுப்பவர்களுக்குக் கடும் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாள் முதல் 1687 வரை, ஏறக்குறைய 29 ஆண்டுகள், இங்குள்ள கத்தோலிக்கருக்கு நிலையான குருவும் இல்லை. பகிரங்கப் பூசையும் இல்லை.

அன்று உரோமாபுரி எவ்வளவு தூரம்! கோவா எவ்வளவு தூரம்! கடிதம் போய்வரவே மாதங்கள் பல ஆகும். உலகத் திருச்சபையோடு அவர்களை இணைத்த கண்காணும் கயிறு ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் வீடுகளிலே செபம் நிற்கவில்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து குருவானவர் முகம் காணாமலே விசுவாசத்தைக் காத்தது.

கோவாவிலே பிறந்த யோசேவாஸ் அடிகளார் இவர்களை முன்பின் கண்டவர் அல்லர். குருவற்ற மக்கள் இலங்கையில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டது ஒன்றே அவருக்குப் போதுமாயிற்று. 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில், நோயோடு, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டு முகம் மாறுபவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்பு புத்தளத்துக்கும் 1692இல் கண்டிக்கும் சென்ற அவர், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே மரித்தார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

கோவாவுக்கும் சில்லாலைக்கும் இடைவெளி இருந்தது, பிரிவு இருக்கவில்லை. அதனாலேயே ஒரு பக்கத்தின் வேதனை மறுபக்கத்திலே ஒரு குருவின் உறக்கத்தைக் கலைத்தது. ஓருடலில் காலிலே முள் தைத்தால் கண் கலங்குகிறதல்லவா? அதுபோன்றதே இது.

துளியா, உறுப்பா?

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். “எல்லாம் ஒன்றே, நீ, நான் என்பது வெறும் தோற்றம், துளி கடலில் கரைவதுபோல நாமும் ஒரே உணர்வில் கரைந்துவிடுவோம்” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இக்காலத்திலே பல தியான வகுப்புகளிலும் இக்கருத்து பேசப்படுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எமது விசுவாசம் இதுவன்று.

துளி கடலில் கரைந்தபின் துளி இல்லை. துளியை நேசிக்க யாரும் இல்லை. துளி நேசிக்கவும் யாரும் இல்லை. அன்புக்கு இருவர் வேண்டும். ஆகையாலே அர்ச். சின்னப்பர் துளியையும் கடலையும் உவமை கூறாமல், ஓர் உடலையும் அதன் உறுப்புக்களையும் உவமை கூறினார் (1 கொரிந்தியர் 12). கண் கண்ணாகவே இருக்கிறது. கை கையாகவே இருக்கிறது. இரண்டிலும் ஓடுவது ஒரே உயிர். இயேசு தம் பாடுகளுக்கு முந்திய இரவு பிதாவிடம் வேண்டிக்கொண்டதும் இத்தகைய ஒற்றுமைக்காகவே (அருளப்பர் 17). பிதாவும் சுதனும் ஒன்றாயிருப்பது போலத் தம்மவர் ஒன்றாயிருக்க வேண்டும் என்றார். பிதா சுதனாகிவிடவில்லை, சுதன் பிதாவாகிவிடவில்லை. ஆயினும் அவர்கள் ஒன்று.

எமது அயலவரான சைவப் பெருமக்களின் சித்தாந்தமும் இதில் எளிமையாகப் பேசவில்லை என்பதை மரியாதையுடன் குறிப்பிட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் வழியிலே, ஆன்மா அழிந்துபோகாமலே இறைவனோடு ஒன்றுபடும் என்றே அவர்கள் கற்பிக்கிறார்கள். எமது விசுவாசத்தின் அடிப்படை வேறு. அது கிறிஸ்துவின் மனிதாவதாரத்திலும் ஞானஸ்நானத்திலும் நற்கருணையிலும் ஊன்றியது. என்றாலும், ஒன்றாதல் என்பது இல்லாமற்போதல் அல்ல என்ற கருத்தை அயல் வீட்டாரோடும் பேசலாம். பிற சமயங்களில் உண்மையும் பரிசுத்தமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது.

இந்த ஒன்றிப்பை எமது முன்னோர் விசுவாசப் பிரமாணத்திலே “சமுதீதப் பிரயோசனம்” என்று சொல்லிவந்தார்கள். இன்று “புனிதர்களின் ஒன்றிப்பு” என்கிறோம். பழைய சொல் கடினமாக இருந்தாலும் அதிலே ஒரு பொருள் நன்றாகத் தெரிகிறது. ஒருவருடைய நன்மை எல்லோருக்கும் பயன்படுகிறது என்பதே அது. ஒரு வளவில் பெய்த மழை மறு வளவின் கிணற்றில் ஊறுவது போலத்தான்.

கச்சதீவிலே ஒரு மனச்சாட்சிச் சோதனை

இனி, எல்லாவற்றிலும் கடினமான பகுதிக்கு வருவோம். நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலிலே கச்சதீவு இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 285 ஏக்கர். குடிநீர் இல்லை, குடிமக்களும் இல்லை. இருப்பது புனித அந்தோனியார் ஆலயம். இரு கரை மீனவரும் காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்கிய தீவு அது. தவக்காலத்தை ஒட்டி இரண்டு நாட்கள் இரு கரை மக்களும் அங்கே கூடுவார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, சுரூபப் பவனி, மறுநாட் காலையில் திருவிழாத் திருப்பலி என்பன ஒரே தமிழில் ஒரே குரலாக நடக்கும். பண்டமாற்றும் நடந்தது, உறவுகளும் வளர்ந்தன.

1974 யூன் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி எல்லைக்கோடு வகுக்கப்பட்டது. கச்சதீவு இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. ஆனால் இந்திய யாத்திரிகர்கள் முன்போலவே, பயணப் பத்திரம் எதுவுமின்றி, அங்கு வந்துபோகலாம் என்பதும் அதே உடன்படிக்கையில் எழுதப்பட்டது. கோடு கடலிலே விழுந்தது, பீடத்திலே விழவில்லை. பின்பு போர் வந்தது. நெடுங்காலம் திருவிழா தடைப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் மக்கள் கூடினார்கள். 2016 டிசம்பரில் புதிய ஆலயமும் ஆசீர்வதிக்கப்பட்டது.

ஆகவே கடல் எம்மைப் பிரிக்கவில்லை; எல்லைக்கோடும் பிரிக்கவில்லை. ஆனால் திருவிழா முடிந்து வள்ளங்கள் திரும்பியபின் நடப்பது என்ன?

‘றோலர்’ என்று நாம் சொல்லும் இழுவைப்படகுகள் அக்கரையிலிருந்து இக்கரையோரம் வரை வருகின்றன. கடலடியை வாரியெடுக்கும் மடிகள் குஞ்சு, முட்டை, பவளம் என்று பாராமல் எல்லாவற்றையும் அள்ளிச் செல்கின்றன. கடன்பட்டு வாங்கிய எமது மீனவரின் வலைகள் ஓரிரவில் அறுந்துபோகின்றன. போர் நடந்த காலமெல்லாம் கடலுக்குப் போக முடியாமலிருந்தவர்கள், கடல் திறந்தபின்பும் கரையில் நிற்கிறார்கள். மறுபக்கத்திலே, பிடிபடுகிறவர்களுட் பலர் படகுச் சொந்தக்காரர் அல்லர், நாட்கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் சிறையிலிருக்க, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அவர்களின் மனைவிமார் செபமாலையோடு காத்திருக்கிறார்கள். 2024 பெப்ரவரியில், மீனவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர் கச்சதீவுத் திருவிழாவையே புறக்கணித்தனர். போராலும் கோட்டாலும் முடியாததை வலை செய்து முடித்தது போலாயிற்று.

கொரிந்து சபையாருக்கு அர்ச். சின்னப்பர் சொன்ன கண்டிப்பு இங்கே எம் காதிலும் விழவேண்டும் (1 கொரிந்தியர் 11). ஆண்டவருடைய விருந்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே ஒருவர் வயிறு நிறைய, மற்றவர் பசித்திருக்க விட்டால் அது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்று அவர் கடிந்துகொண்டார். ஒரே அப்பத்தை உண்டவன் தன் சகோதரனின் வலையை அறுப்பது எப்படி? ஒரே அப்பத்தை உண்டவன் சகோதரனின் சிறைவாசத்தைக் கேட்டு மகிழ்வது எப்படி? அடிமடி இழுவையை எமது நாட்டுச் சட்டம் 2017இல் தடை செய்தது. ஆனால் எமது கரையிலும் அத்தொழிலில் ஈடுபட்டோர் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1983க்குப் பின் உயிர் தப்பி வள்ளமேறிய எம்மவர் கரைசேர்ந்ததும் அதே இராமேசுவரக் கரையில்தான் என்பதை மறப்பதும் நன்றிகேடு.

நாம் எல்லோரும் ஒன்று என்று திருவிழாவிலே உணர்ச்சியோடு சொல்வது எளிது. அந்த ஒன்றிப்புக்கு வலை, மடி, கூலி, கடன் என்ற விலை உண்டு. நீதியில்லாத ஒற்றுமை, எண்ணெய் கலந்த கிணற்று நீரைப் போன்றது. பார்வைக்கு நீர்தான், குடிக்க முடியாது.

எமது வீடுகளில்

கச்சதீவில் கண்டதை எமது வீடுகளிலும் காணலாம்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரே, உங்கள் தனிமை பொய்யன்று. தூரம் வெறும் தோற்றம் என்று சொல்லி உங்களைத் தேற்ற நாம் வரவில்லை. காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். தொலைபேசித் திரை அதைச் செய்யாது. இயேசுவும் இலாசருடைய கல்லறையருகே கண்ணீர் விட்டார். ஆனால் அந்தத் தனிமை கைவிடப்பட்ட நிலை அல்ல. நீங்கள் காலைத் திருப்பலியில் உட்கொள்ளும் அதே கிறிஸ்துவைத்தான் ஞாயிறன்று அங்குள்ள ஆலயத்திலே உங்கள் பேரப்பிள்ளையும் உட்கொள்கிறான். ஒரே பந்தியில் இருவரும் இருக்கிறீர்கள். பந்தி நீளமானது, அவ்வளவுதான்.

மரித்தவர்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். இறந்தோரோடு நாம் கொண்ட ஒன்றிப்பு சாவினால் அறுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டிலே போதித்தது. நவம்பர் மாதத்தில் சேமக்காலையில் ஏற்றும் மெழுகுதிரி வெறும் நினைவுச் சடங்கு அல்ல.

காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மாருக்கு என்ன சொல்வது? உயிரோடிருப்போருக்கான செபத்தைச் சொல்வதா, மரித்தோருக்கான செபத்தைச் சொல்வதா என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மா, செபத்துக்கு விலாசம் எழுதத் தேவையில்லை. அவர் இருக்கும் இடத்தை நீங்கள் அறியாதிருந்தாலும் கடவுள் அறிவார்; உங்கள் செபம் அங்கே போய்ச் சேரும். ஆனால் இதைச் சொல்லி அத்தாய்மாரின் கேள்வியை நாம் அடக்கிவிடக்கூடாது. பதில் பெறுவது அவர்களுடைய உரிமை. அவர்களோடு நிற்பது எமது கடமை.

கடைசியாக, வேலிக்கு அப்பாலுள்ள தம்பி. கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக, அல்லது சீதனக் காணி பிரித்ததற்காக, இருபது ஆண்டுகள் பேசாத சகோதரர் எம்மிடையே எத்தனை பேர்! ஞாயிறு பூசையிலே ஒருவர் வலப்பக்க வாங்கிலும் மற்றவர் இடப்பக்க வாங்கிலும் இருப்பார்கள். சமாதானம் சொல்லும் வேளையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாரார். கனடாவிலுள்ள மகனுக்காகக் கண்ணீர் விடும் நாம், இந்தப் பிரிவுக்காக ஒரு துளியாவது விட்டதுண்டா? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கட்டளையிட்டது (மத்தேயு 5) யாருக்காக?

கடலைக் கடக்க விமானம் வேண்டும். வேலியைக் கடக்க ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குத் தேவதுணை வேண்டும்.

இவ்வாரம் செய்யத்தக்கவை

1. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு ஒரு நேரத்தை ஒழுங்கு செய்து ஒன்றாகச் செபியுங்கள். இங்கே இரவு 7 மணியாகும்போது, கோடைகாலத்தில் பாரிசில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 9.30. ஒரு பத்து மணி செபமாலைக்குச் சில நிமிடங்களே செல்லும்.

2. பேசாதிருக்கும் உறவினர் ஒருவருடைய பெயரை அந்தச் செபத்திலே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.

3. கடற்றொழிலாளருக்காக வேண்டுங்கள், இரு கரையாருக்காகவும் வேண்டுங்கள்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. செல்வனுக்கும் இலாசருக்கும் இடையிலிருந்த பிளவு எப்போது தோன்றியது?

2. துளி உவமைக்கும் உடல் உவமைக்கும் உள்ள வேறுபாடு என்ன? அன்புக்கு ஏன் இருவர் வேண்டும்?

3. எமது வாசலில் கிடக்கும் இலாசர் யார்?

மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்ல வேண்டாம். எழுந்து போய் ஒருமுறை படலையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.